தண்ணீர்ப் பக்கம் போன பச்சை

1

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் எனக்குப் பசிக்கும். ஹெக்ஸேன் என்று ஒரு கரைப்பான் உண்டு. பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு வாசனை அதற்கு. அந்த வாசனை அடிக்கும் அறையில்தான் இருபத்திரண்டு வருஷமாக மத்தியானச் சோறு சாப்பிடுகிறேன். ‘உள்ளே உணவு உண்ணக் கூடாது’ என்று சுவரில் எழுதி ஒட்டியவளும் நான்தான். வெளியே போய்ச் சாப்பிட எனக்கு இடம் இல்லை. ஏன் இல்லை என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

கம்பத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் லேப். மேலே குமுளிப் பக்கத்து மலைகளில் விளையும் ஏலக்காய், மிளகு, கிராம்பு எல்லாம் வெளிநாட்டுக்குப் போகும் முன் ஒரு கைப்பிடி எங்களிடம் வந்துவிட்டுப் போகும். ஈரப்பதம் எவ்வளவு, எண்ணெய்ச் சத்து எவ்வளவு, சாயம் ஏற்றியிருக்கிறதா என்று நான் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓனர் மதுரையில் இருக்கிறார். உதவிக்கு வருகிறவர்கள் ஆறே மாதத்தில் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுவார்கள். மிஞ்சுவது நானும், மேலே ஓயாமல் உறுமும் எக்ஸாஸ்ட் ஃபேனும்.

எங்களிடம் வரும் சாம்பிளுக்குப் பேர் கிடையாது. நம்பர் மட்டும்தான். யாருடைய காய், எந்தத் தோட்டம் என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை சாயும் என்று பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சாம்பிளுக்குப் பேர் இல்லாமல் போனதோடு அது நிற்கவில்லை. ஊருக்குள் எனக்கும் பேர் இல்லாமல் போயிற்று. நான் ‘லேப் மேடம்’. டீக்கடையில் நான் போய் நின்றால் பேச்சு பாதியில் அறுந்துபோகும். குச்சனூர்க் கோயிலில் முன்வரிசையில் நிற்கிற வியாபாரி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, உடனே அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் அவர் சரக்கு பாஸானது. நல்ல சரக்கு, பாஸாகத்தான் வேண்டும். ஆனால் ‘சாப்பாட்டு ருசி ரிப்போர்ட்ல தெரியுது’ என்று கம்பம் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு நான் கல்யாணங்களுக்குப் போவதில்லை. என்னுடையதும் நடக்கவில்லை. அது வேறு கதை, அதற்கு லேபைக் குறை சொல்ல முடியாது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் யாராவது படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வேலையில் தனிமை ஒரு கருவி. தராசு மாதிரி, பியூரெட் மாதிரி. அதைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கருவியும் சில சமயம் தப்பாகக் காட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

2

சகப்பிணைப்பு என்றால் இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்வது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். பொதுவில் என்றுதான் புத்தகம் சொல்லும். சரிபாதி என்று சத்தியம் செய்யாது.

ஒவ்வொரு அணுவுக்கும் அந்த ஜோடியைத் தன் பக்கம் இழுக்கிற பலம் ஒன்று உண்டு. எலக்ட்ரான் கவர்தன்மை. ஆக்ஸிஜனுக்கு ஏறக்குறைய மூன்றரை. ஹைட்ரஜனுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. இந்த இரண்டும் சேர்ந்தால் ஜோடி எப்போதும் ஆக்ஸிஜன் பக்கம் சாய்ந்தே கிடக்கும். ஆக்ஸிஜன் முனையில் லேசாக மைனஸ், ஹைட்ரஜன் முனையில் லேசாக ப்ளஸ். இதுதான் முனைவுற்ற சகப்பிணைப்பு. தண்ணீர் முழுக்க இந்த இழுபறிதான். ஒரு குவளைத் தண்ணீர் பார்க்க அமைதியாக இருக்கும். உள்ளே ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

கார்பனுக்கு இரண்டரை. ஹைட்ரஜனோடு சேர்ந்தால் வித்தியாசம் சொற்பம், சாய்வு கிட்டத்தட்ட இல்லை. ஹெக்ஸேன் முழுவதும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். யாரையும் இழுக்காது, யாருக்கும் இழுபடாது. தண்ணீரையும் ஹெக்ஸேனையும் ஒரே குழாயில் ஊற்றி என்ன குலுக்குக் குலுக்கினாலும், இரண்டு நிமிஷத்தில் மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பிரிந்து நின்றுவிடும். வகுப்பில் இதைப் புருஷன் பெண்டாட்டி என்று சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். எனக்கு அந்த உதாரணம் ஒட்டியதே இல்லை. ஹெக்ஸேனைப் பார்த்தால் எனக்கு வேறு ஒருத்தியின் ஞாபகம் வரும். அவள் டீக்கடையில் ஓரமாக நின்று டீ குடிப்பவள்.

சாயம் பார்க்கிற முதல் சோதனை இந்தப் பிரிவை நம்பித்தான் இருக்கிறது. ஏலக்காயின் இயற்கைப் பச்சை இலைப்பச்சையம். அதற்கு ஒரு தலையும் நீளமான ஒரு வாலும் உண்டு. வால் கார்பன், ஹைட்ரஜன். வால் இழுத்த பக்கம் பச்சையம் போகும், அதாவது ஹெக்ஸேன் பக்கம். கடையில் விற்கிற பச்சைச் சாயம் அப்படியில்லை. அது மின்சுமை உள்ளது, தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். காயின் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, ஹெக்ஸேன் ஊற்றிக் குலுக்கி வைத்தால் போதும். மேலடுக்கு பச்சையாகிக் கீழே தண்ணீர் தெளிந்திருந்தால் நல்ல காய். கீழே தண்ணீர் பச்சையாக இருந்தால் சந்தேகம்.

சந்தேகம் என்றுதான் எங்கள் செய்முறைத் தாளில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் இரண்டாவது சோதனை செய்ய வேண்டும். அந்தப் பச்சைத் தண்ணீரில் அமிலம் விட்டு, ஈதர் ஊற்றிப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் ‘செயற்கை நிறமி உள்ளது’ என்று எழுதலாம்.

சில வருஷங்களுக்கு முன், விடாமல் மழை அடித்த ஓர் ஐப்பசி. மேஜை நிறைய சாம்பிள். உதவிக்கு இருந்த பெண் அப்போதுதான் திருப்பூர் பஸ் ஏறியிருந்தாள். ஒரு குழாயில் தண்ணீர் அடர்பச்சையாக நின்றது. அதுவரை என் கையில் தண்ணீரில் பச்சை இறங்கிய ஒவ்வொன்றும் இரண்டாவது சோதனையில் சாயமாகத்தான் இருந்திருக்கிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. இதுவும் அதுதான் என்று கை முடிவு செய்தது. ஈதர் பாட்டிலை நான் எடுக்கவே இல்லை. எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகவே விழுந்தது.

3

நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் தட்தட்டென்று ஏறிவந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஐம்பது வயசுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு அம்மா உள்ளே வந்து நின்றார். நனைந்த சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். கையில் ஒரு லிட்டர் பாட்டில், அதில் பச்சைத் தண்ணீர்.

“இங்கன சாயம்னு எழுதுன ஆளு யாரு?”

“உள்ள வரக் கூடாதும்மா. பார்ட்டிகளை லேப்புக்குள்ள விடுறதில்ல. கீழ போய்க் கேளுங்க.”

“கீழ உரக்கடை. அவன்தான் மேல போன்னான்.”

“சாம்பிள் நம்பர் என்ன?”

“நான் நம்பர் இல்ல தாயி. வீருச்சின்னம்மா. மேல ஸ்டோர் வச்சிருக்கேன்.”

பச்சைக்காயைக் கழுவிச் சூட்டில் உலர்த்துகிற கொட்டகையைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். சொந்தமாகப் பெரிய தோட்டம் இல்லாதவர்கள் பறித்த காயை இப்படி ஒரு ஸ்டோருக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். உலர்த்துகிறவர் கைக்குத்தான் பேர். பச்சை மங்காமல் காய வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வீருச்சின்னம்மாவை நம்பிப் பதினாலு வீட்டுக்காரர்கள் காய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் அவரிடம் வாங்குகிறவர் சிக்கந்தர் ராவுத்தர். எங்களுக்குச் சாம்பிள் அனுப்பியதும் அவர்தான். எனக்குத்தான் நம்பர். ராவுத்தருக்கு அது யார் காய் என்று தெரியும். ரிப்போர்ட் கைக்குப் போனதும் தன் கோடவுனில் வைத்துச் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

“இன்னிக்குக் காலைல ரெண்டு ஜீப்பு வந்துச்சு,” என்றார் வீருச்சின்னம்மா. “என் ஸ்டோர்ல கெடந்த பச்சக்காயப் பூராம் அள்ளிட்டாக. கோவிச்சுக்காத ஆத்தா, சாயக்காரி ஸ்டோர்ல காஞ்ச காயின்னா எவன் வாங்குவான்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றாக. சாயக்காரி! இருபது வருசம் புகையில நின்ன எனக்கு வந்த பட்டத்தப் பாத்தியா?”

ரிப்போர்ட் பற்றி நேரில் பேசக் கூடாது. அதைச் சொன்னேன். ஒரு சுவரிடம் சொன்னது மாதிரி இருந்தது.

“நீ பேச வேணாம். காட்டு. இது என் தொட்டித் தண்ணி. காய் ஊறுன தண்ணி. இதுல சாயம் இருக்குன்னு என் கண்ணு முன்னால காட்டிரு. இப்பிடியே மேல ஏறிப்போயி ஸ்டோரப் பூட்டிச் சாவிய ஆத்துல போட்டுர்றேன்.”

“அப்படியெல்லாம் உடனே...”

“காட்ட மாட்ட? அப்ப நான் காட்டுறேன்.” பாட்டிலைத் திறந்து வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

தாவிப் பிடுங்கினேன். பாதித் தண்ணீர் என் கையில் கொட்டியது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து வாஷ்பேசினில் துப்பினார்.

“சாயமில்லாத தண்ணிக்கு எதுக்குத் தாயி இந்தப் பதறு பதறுற?”

என் விரல்கள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டிருந்தன. சோப்புப் போட்ட மாதிரி.

“இதுல என்ன போட்டீக?” என்றேன். சின்னமனூரில் பிறந்தவள் நான். அத்தனை வருஷமாக லேபுக்குள் பேசாத பேச்சு தானாக வந்துவிட்டது.

“சோடா உப்பு. துணி வெளுக்குற சோடா. எல்லாரும் போடுறதுதான், பச்ச நிக்கும்ல?”

“எவ்வளவு?”

“எப்பவும் தொட்டிக்கு ரெண்டு கை. இந்த மழைக்குக் காய் வெளிறிப்போய் வந்துச்சு. பதினாலு வீட்டுக் காயி, வெளிறிப்போச்சுன்னா என்னயத்தான கேப்பாக? அஞ்சாறு கை போட்டேன்.”

“பச்சத் தண்ணியிலயா?”

“அந்தக் குளிருல எங்கிட்டுப் பச்சத் தண்ணியத் தொட? கை வெறச்சுப்போச்சு. சுடுதண்ணி. நல்லாத் தளதளன்னு கொதிச்சது.”

4

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சோடாவும் சுடுதண்ணீரும் சேர்ந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எண்ணெயில் இருந்து சோப்புச் செய்வதே அப்படித்தான். பச்சையத்தின் தலையும் வாலும் சேருகிற இடத்தை அது அறுத்துவிடும். வால் போனால் ஹெக்ஸேன் பக்கம் இழுக்க ஆள் இல்லை. அறுந்த இடத்தில் ஓர் ஆக்ஸிஜன் மைனஸ் சுமையோடு நிற்கும். தண்ணீருக்கு அது போதும். சுற்றி வளைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இலையின் சொந்தப் பச்சைதான், ஆனால் சாயம் நிற்கிற இடத்தில் போய் நிற்கும்.

முதல் சோதனைக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டாவதுக்குத் தெரியும். அமிலம் விட்டால் அந்த ஆக்ஸிஜனுக்கு ஒரு ஹைட்ரஜன் கிடைக்கும், சுமை தீரும். தண்ணீரின் பிடி தளரும். மேலே ஈதர் இருந்தால் பச்சை ஏறிப் போய்விடும். சாயம் அப்படி ஏறாது. அமிலம் விட்டாலும் அதன் சுமை தீராது, கீழேயே கிடக்கும்.

சாம்பிளில் கொஞ்சம் எப்போதும் எடுத்து வைத்திருப்போம். அலமாரியில் இருந்து எடுத்து ஊறவைத்தேன். ஒரு குழாயில் அது, இன்னொன்றில் பாட்டில் தண்ணீர். வீருச்சின்னம்மாவைப் போகச் சொல்லவில்லை. அவரும் போகவில்லை. என் தோள் பக்கத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் சோதனை செய்யும்போது பக்கத்தில் இன்னொருவர் மூச்சுக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டேன். நுரைத்தது. ஈதர் ஊற்றி மூடி, குலுக்கி, ஸ்டாண்டில் வைத்தேன். கலங்கல் மெதுவாகப் பிரிந்தது. கீழே தண்ணீர் வெளிறிக்கொண்டே போனது. மேலே, பாசி படிந்த மாதிரி மங்கலான ஒரு பச்சை சேர்ந்தது. இரண்டு குழாயிலும்.

“மேல ஏறிருச்சு,” என்றார்.

“ஆமா.”

“ஏறுனா நல்லதா கெட்டதா?”

“உங்களுக்கு நல்லது. அது சாயம் இல்ல. நான் தப்பா எழுதிட்டேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, திருத்தி எழுது.”

5

மதுரைக்குப் போன் போட்டேன். ஓனர் முழுக்கக் கேட்டார்.

“சரி மேடம். ரீடெஸ்ட்னு புது ரிப்போர்ட் போட்டுருங்க, பழசு கேன்சல். ஆனா தப்புங்கிற வார்த்தை வேணாம்.”

“தப்புதான் சார்.”

“எனக்குத் தெரியுது. பேப்பருக்குத் தெரிய வேணாம்.”

டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, சீல் வைத்துக் கொடுத்தேன். ராவுத்தருக்குத்தான் கொடுக்க வேண்டும், ஒரு பிரதியை இவரிடம் நீட்டினேன். விதியில் அன்றைக்கு விழுந்த இன்னொரு ஓட்டை அது. வீருச்சின்னம்மா வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“எம்பேரு எங்கன?”

“பேர் போட மாட்டோம். இந்த நம்பர்தான் உங்க காய்.”

“நல்லா இருக்கே! சாயம்னு சொன்னப்ப ஊரெல்லாம் எம்பேரச் சொன்னாக. சாயமில்லன்னு சொல்றப்ப மட்டும் நம்பராக்கும்? இந்த நம்பரக் கொண்டுபோயி எந்த வீட்டு வாசல்ல நின்னு நான்தான் இதுன்னு சொல்ல? பதினாலு வீட்டுலயும் கேக்குறதுக்கு ஆளு வேணும்ல தாயி?”

அவர் சொன்னது சரி. பழி ஒரு மனுஷியின் பேரில் போய் ஒட்டிக்கொண்டது. திருத்தம் காகிதத்தோடு நின்றுவிட்டது. நான் எவ்வளவு சுத்தமாகத் தள்ளி நின்றேனோ அவ்வளவு தூரம் அதுவும் அவரிடமிருந்து தள்ளி நின்றது.

“கோடவுன்ல இப்ப யாராச்சும் இருப்பாங்களா?” என்றேன்.

“காயள்ளிட்டுப் போனவுகதான் இருப்பாக. எங்க விக்கலாம்னு ராவுத்தரக் கேட்டுக்கிட்டு.”

ஈதரைச் சின்ன பாட்டிலில் எடுத்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்தேன். வெயில் பட்டாலே கொதித்துப் பறக்கிற சாமான் அது. நாலைந்து குழாய், மிச்சமிருந்த தொட்டித் தண்ணீர். பூட்டிவிட்டு இறங்கினேன். வழியில் பேக்கரிச் சாமான் விற்கிற கடையில் ஒரு டப்பா பச்சைக் கலர்ப்பொடி வாங்கினேன். வீருச்சின்னம்மா எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோடவுனுக்குள்ளும் நான் காலெடுத்து வைத்ததில்லை.

சிக்கந்தர் ராவுத்தர் சாக்குகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி ஏழெட்டு பேர். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

“மேடம், நீங்க இங்கன வரலாமா? மதுரைக்குத் தெரிஞ்சா சாமி ஆடிருவாகளே!”

“ஆடட்டும். ஒரு மேஜை வேணும் ராவுத்தரே. அந்த அண்ணனை பீடியை அணைச்சுட்டு வரச் சொல்லுங்க. இது பெட்ரோலைவிட மோசம்.”

“ஏலே மாயி, வெளிய போட்டுட்டு வாடா. உன் ஒத்த பீடிக்கு என் கோடவுனா கேக்குது?”

மாயி என்ற பெரிய மீசைக்காரர் பீடியை வாசலில் மிதித்துவிட்டு வந்தார். காலையில் ஜீப்பில் வந்து காய் அள்ளியவர்களில் அவரும் ஒருவர் என்று வீருச்சின்னம்மா பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

ஒரு குழாயில் தொட்டித் தண்ணீர் ஊற்றினேன். இன்னொன்றில் கலர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். இரண்டும் ஒரே பச்சை. எது எது என்று இடம் மாற்றி வைத்துக் கேட்டேன். ஒருத்தருக்கும் சொல்ல முடியவில்லை.

“எனக்கும் முடியல. அதான் நடந்தது,” என்றேன். “இப்ப ஆசிட் விட்டா பிரியும்.”

“ஆசிட்டா? அந்தப் பேரே என் கடைக்குள்ள வேணாம் மேடம்,” என்றார் ராவுத்தர்.

“அப்ப எலுமிச்சம்பழம் இருந்தா குடுங்க.”

எதிர்க் கடையிலிருந்து இரண்டு பழம் வந்தது. ஒரு பாதிப் பழத்தை இரண்டு குழாயிலுமாகப் பிழிந்து, ஈதர் ஊற்றி, குலுக்கி வைத்தேன். தொட்டித் தண்ணீர் சோடா பாட்டில் மாதிரி பொங்கியது. பொங்கி அடங்கியது. பச்சை கீழேயே நின்றது. இரண்டு குழாயிலும்.

“ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு?” மாயி மீசையைத் தடவிக்கொண்டார். “ஆத்தாளுக்கு வக்காலத்து வாங்க வந்து மாட்டிக்கிட்டீகளே.”

யாரோ சிரித்தார்கள். வீருச்சின்னம்மா சிரித்தவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நுரையை நினைத்தேன். அஞ்சாறு கை சோடா. பிழிந்த சாறு முழுவதையும் அதுவே தின்றுவிட்டது. பச்சைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. இன்னும் பாதிப் பழத்தை இரண்டிலும் பிழிந்தேன். பொங்கியது. மறுபடி பாதி. கொஞ்சமாகப் பொங்கியது. கடைசிப் பாதியைப் பிழிந்தபோது நுரை வரவில்லை. மூடிக் குலுக்கி வைத்தேன்.

கோடவுனில் ஏலக்காய் வாசனையும் ஈதர் வாசனையும் தவிர ஒன்றும் அசையவில்லை. தொட்டித் தண்ணீர்க் குழாயில் பச்சை மெல்ல மங்கி, மேலே ஏறியது. கீழே சாறு கலங்கலாக நின்றது. கலர்ப்பொடிக் குழாயில் மேலே ஈதர் பளிங்கு மாதிரி இருந்தது, பச்சை அடியில் கிடந்தது.

“கீழ கெடக்குறதுதான் சாயம்,” என்றேன். “வீருச்சின்னம்மா காயில சாயம் இல்ல. இதை நான் அன்னிக்கே செஞ்சிருக்கணும். செய்யாமக் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுது.”

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தப்புன்னு தானா வந்து சொல்ற லேப்ப இன்னிக்குத்தான் பாக்குறேன். நானும் அன்னிக்குத் தொண்டையத் தொறந்திருக்கக் கூடாது.”

மாயி விடவில்லை. “சாயமில்ல, சரி. சோடாவக் கொட்டி ஊறப்போட்டது யாரு? அது தப்பில்லையா?”

“தப்புத்தாண்டா,” என்றார் வீருச்சின்னம்மா. “என் கை கூடிப்போச்சு. அதுக்கு எம்புட்டு வேணாலும் வய்யி, நின்னு கேட்டுக்கிறேன். சாயக்காரின்னு மட்டும் சொல்லாத.”

மாயி தலையைச் சொறிந்தார். “நான் எங்க சொன்னேன்? ஊர்ல சொன்னாக.”

“நீயும்தான் சொன்ன. ஜீப்புல ஒரு கால வச்சுக்கிட்டே சொன்ன.”

இந்தத் தடவை சிரித்தவர்களில் மாயியும் இருந்தார். “சரி ஆத்தா, சாக்க ஏத்தி விடுறேன். பழையபடி ரெண்டு கைதான் போடணும், ஆமா” என்றார்.

பதினாலு வீடும் திரும்பவில்லை. ஒன்பது வீடுதான் திரும்பியது என்று பிற்பாடு ராவுத்தரிடமிருந்து சாம்பிள் கொண்டுவரும் பையன் வாயிலாகக் காதில் விழுந்தது. மிச்ச ஐந்து வீட்டுக்கு எந்தக் குழாயையும் கொண்டுபோய்க் காட்ட முடியாது. மதுரையில் இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தப்பு என்ற வார்த்தையைப் போட்டே பதில் எழுதினேன். வேலை போகவில்லை. அந்த வருஷச் சம்பள உயர்வு மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

பிள்ளைகளே, முதல் சோதனை உங்களுக்குச் சந்தேகத்தைத்தான் தரும். சந்தேகத்தைத் தீர்ப்பு என்று எழுதாதீர்கள். பச்சை எந்தப் பக்கம் போனது என்று மட்டும் பார்க்காதீர்கள். எது அதை இழுத்தது, வழியில் எது அறுந்தது என்று கேளுங்கள். அதைக் கேட்க நுரை அடங்கும்வரை அமிலமும் பத்து நிமிஷமும் போதும். அந்தப் பத்து நிமிஷம் என்னிடம் அன்றைக்கு இருந்தது.

கோடவுனில் இருந்து ஜீப் ஸ்டாண்டு வரை வீருச்சின்னம்மாவோடு நடந்தேன். மழை விட்டிருந்தது. மேகமலைப் பக்கம் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் உறுமியபடி நின்றது. அவர் எவ்வளவோ பேசினார். புகைக்கூண்டு அடைத்துக்கொண்டது, மகள் பிரசவத்துக்கு வந்திருப்பது, உத்தமபாளையத்தில் வாங்கிய செருப்பு ஒரே மழையில் வாய் பிளந்தது. நான் கேட்டுக்கொண்டே நடந்தேன். இன்னும் கொஞ்ச தூரம் இருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர் ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.

“கம்பம் பக்கம் வந்தா லேப்புக்கு வந்துட்டுப் போங்கம்மா,” என்றேன். “சும்மாதான். சாம்பிளுக்காக இல்ல.”

வீருச்சின்னம்மா கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். குனிந்து, டிரைவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“வர மாட்டேன் தாயி. நாம ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசுறத ஒருத்தன் பாத்தாப் போதும், இன்னிக்கு அங்கன நீ காட்டுனது பூராம் பொய்யின்னுருவாக. இனி ரோட்டுல என்னயப் பாத்தாலும் தெரியாத மாதிரிப் போயிரு.”